போனைச் சுவருக்கு நேராக நீட்டினால் படம் விழுமா?

கோவில்பட்டியில் அக்கா மாலை நேரத்தில் மொட்டை மாடியில் டியூஷன் எடுக்கிறாள். தகரக் கூரை, ஒரு டியூப் லைட், பதினைந்து பிள்ளைகள். போன மாதம் ஒரு ரீல்ஸ் அனுப்பினாள். ஒருவர் போனைச் சுவரை நோக்கி நீட்டுகிறார், சுவர் முழுக்கப் படம் ஓடுகிறது. இந்த ஆப் இருந்தால் புரொஜெக்டரே வேண்டாம் என்று கீழே எழுத்து ஓடுகிறது. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ்: "டேய், இது நிஜமா? நிஜமா இருந்தா இதயம் எப்படி ரத்தத்தைப் பம்ப் பண்ணுதுன்னு பிள்ளைங்களுக்குச் சுவர்லயே காட்டிரலாம்."

'நிஜமில்லைக்கா' என்று ஒற்றை வரியில் பதில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். ஆனால் அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. பதினைந்து பேர் ஒரு போனைச் சுற்றி முண்டியடித்துப் பார்க்க முடியாது. படம் பெரிதாக வேண்டும், செலவு சிறிதாக வேண்டும். அதனால் எனக்குத் தெரிந்த வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவளுடைய மொட்டை மாடிக்கு எது சரிவரும் என்று யோசித்தேன். நீங்களும் அப்படியொரு ஆப்பைத் தேடிக்கொண்டிருந்தால் உங்களுக்கும் உதவலாம்.

முதலில் அவளுக்கு ஞாபகப்படுத்தியது எங்கள் சின்ன வயசு சினிமாவை. தியேட்டர் வாசலில் பொறுக்கிய ஃபிலிம் துண்டு. ஃபியூஸ் போன குண்டு பல்பின் அடியை உடைத்து, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டுத் தண்ணீர் நிரப்பினால் அதுதான் லென்ஸ். வாசலில் ஒருவன் முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைப் பிடித்து உள்ளே அடிப்பான். இருட்டறையில் அப்பாவின் வேட்டிதான் திரை. ஃபிலிமைத் தலைகீழாகப் பிடித்தால் படம் நேராக விழும்.

ஒரு படம் சுவரில் விழ என்னென்ன வேண்டுமோ அத்தனையும் அந்த விளையாட்டில் இருந்தது: பலமான வெளிச்சம், அந்த வெளிச்சம் கடந்து வர ஒரு படம், வெளிச்சத்தைச் சேர்த்து எதிர்ச்சுவரில் குவிக்க ஒரு லென்ஸ். டூரிங் டாக்கீஸில் கரித்துண்டுகளை எரித்து வெளிச்சம் உண்டாக்கினார்கள், இன்று லேசர் வந்துவிட்டது. மற்றபடி ஏற்பாடு அதேதான். போனில் வெளிச்சமும் படமும் இருக்கின்றன. திரைக்கு முன்னால் லென்ஸ் இல்லை. திரையின் ஒவ்வொரு புள்ளியும் எல்லாப் பக்கமும் ஒளியை இறைக்கிறது. எதிர்ச்சுவரில் எல்லாப் புள்ளிகளின் ஒளியும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கலந்து, வெறும் வெளிச்சமாகத்தான் விழும். இருட்டில் போனைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் பாருங்கள், மங்கலாக ஒரு நீலம் தெரியும். அவ்வளவுதான். எந்த ஆப் வந்தாலும் கண்ணாடியாலான ஒரு லென்ஸை அது உண்டாக்கப் போவதில்லை.

பின்பக்க ஃபிளாஷ் லைட்டும் இதற்கு உதவாது. அது ஏறக்குறைய 50 லூமன் (வெளிவரும் மொத்த ஒளியின் அளவு) தரும் ஒரு சின்ன எல்இடி. அதற்கு எரியத் தெரியும், அணையத் தெரியும், படம் தெரியாது. அதன் முன்னால் கையை வைத்து மான், முயல் காட்டலாம்.

அப்படியானால் ரீல்ஸைப் பார்த்து அக்கா இறக்கியிருந்த இரண்டு ஆப்கள் என்ன செய்தன? ஒன்று கேமராவைத் திறந்து, திரையில் தெரியும் சுவரின்மேல் கேலரியிலிருந்து ஒரு போட்டோவை ஒட்டிக் காட்டியது. போனுக்குள் பார்த்தால் சுவரில் படம் இருக்கும், தலையைத் தூக்கிப் பார்த்தால் சுவர் காலி. இன்னொன்று அட்டைப்பெட்டியில் புரொஜெக்டர் செய்யும் முறையைப் படம்போட்டு விளக்கியது. இரண்டுக்கும் நடுவே முழுத்திரை விளம்பரங்கள். இவ்வகை ஆப்களின் விவரப் பக்கத்தைக் கடைசிவரை படித்தால் 'சிமுலேட்டர்' என்றோ, 'நண்பர்களிடம் விளையாட' என்றோ ஒரு சொல் பதுங்கியிருக்கும். ரீல்ஸில் ஓடியது எடிட்டிங்கில் சேர்த்த படம். சுவருக்குப் படம் காட்டும் ஆப் உங்கள் தொடர்பு எண்களையும் இருப்பிடத்தையும் கேட்டால், அது எதற்கு என்று யோசியுங்கள். முதல் வேலையாக இரண்டு ஆப்களையும் நீக்கச் சொன்னேன்.

"சரி, லென்ஸ்தானே இல்ல? வாங்கி வச்சிட்டா?" என்றாள். செய்யலாம். செருப்புப் பெட்டியின் ஒரு பக்கம் துளையிட்டு, பூதக்கண்ணாடியைப் பொருத்தி, உள்ளே போனை நிறுத்தினால் சுவரில் நிஜமாகவே படம் விழும். பெட்டியின் உட்புறம் கறுப்புத் தாள் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் தெளிவு கிடைக்கும். விடுமுறையில் பிள்ளைகளோடு செய்துபார்க்க அருமையான வேலை. ஆனால் வெளிச்சக் கணக்கு இடிக்கும். ஆறரை அங்குலத் திரையை 500 நிட் (திரை எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதன் அளவு) பிரகாசத்தில் வைத்தாலும் அது மொத்தமாக வெளியே விடும் ஒளி ஏறக்குறைய 16 லூமன். ஏழெட்டு சென்டிமீட்டர் அகலமுள்ள பூதக்கண்ணாடியைப் பதினாறு சென்டிமீட்டர் தள்ளி வைத்தால், அதில் இருபதில் ஒரு பங்குதான் அதன் வழியே போகும். மீதி பெட்டிக்குள்ளேயே வீணாகும். ஆக, சுவருக்குப் போய்ச் சேருவது ஒரு லூமன்கூட இல்லை. அதை 40 அங்குலப் படமாக விரித்தால் சதுர மீட்டருக்கு 2 லூமன், அதாவது 2 லக்ஸ். டியூப் லைட் எரியும் அறையில் சுவரின்மேல் சாதாரணமாகவே 100 லக்ஸ் அளவில் வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கும். கும்மிருட்டில் தவிர வேறெங்கும் இந்தப் பெட்டி எடுபடாது.

இதில் இன்னொரு தொல்லையும் உண்டு. போனைத் தலைகீழாக நிறுத்தினால் படம் நேராகிவிடும், ஆனால் எழுத்துகள் முகம் பார்க்கும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியே விழும். ஃபிலிம் துண்டைத் திருப்பிப் பிடிக்கலாம், போன் திரையை அப்படித் திருப்ப முடியாது. வீடியோவை முன்கூட்டியே இடவலம் மாற்றிக் கொடுக்க ஆப்கள் இருக்கின்றன. இந்த முழு விவகாரத்தில் ஒரு ஆப் உருப்படியாகச் செய்யும் வேலை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்தது ஹாலோகிராம். இதைப் பற்றித்தான் அக்காவின் மகன் கேட்டுக்கொண்டே இருந்தான். போன் திரையிலிருந்து ஒரு பட்டாம்பூச்சி எழுந்து காற்றில் பறக்கும் வீடியோவை அவன் பார்த்திருக்கிறான்.

ஹாலோகிராம் என்ற சொல் இப்போது எதற்கெல்லாமோ ஓடுகிறது. அதைக் கண்டுபிடித்தவர் டென்னிஸ் காபர். 1947-இல் இங்கிலாந்தில், எலக்ட்ரான் நுண்ணோக்கியை மேம்படுத்தும் முயற்சியில் இருந்தபோது அவருக்குத் தோன்றிய யோசனை இது. 1960-இல் லேசர் வந்த பிறகுதான் அது முழுதாகக் கைகூடியது. 1971-இல் அதற்காக நோபல் பரிசு கிடைத்தது. ஒரு பொருளிலிருந்து வரும் ஒளி அலைகள் இன்னொரு ஒளிக்கற்றையோடு மோதி உண்டாக்கும் நுண்ணிய கோலத்தைப் பதிவுசெய்வதுதான் ஹாலோகிராம். அந்தக் கோலத்தின் இழைகள் ஒளியின் அலைநீளத்தை ஒட்டிய அளவில், ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சுற்றுவட்டாரத்தில் இருக்கும். நல்ல போனின் ஒரு பிக்சலே 60 மைக்ரான் அகலம். தென்னந்துடைப்பத்தை வைத்துக்கொண்டு அரிசியில் பெயர் எழுதச் சொன்னால் எப்படி? அசல் ஹாலோகிராமைப் பார்க்க வேண்டுமென்றால் வாக்காளர் அட்டையில் பளபளக்கும் ஒட்டுவில்லையைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். டாஸ்மாக் பாட்டிலிலும் ஒட்டியிருக்கிறார்கள், அங்கே யாரும் அதைப் பார்க்க நிற்பதில்லை.

வெறும் காற்றில் படம் நிற்க ஒரு தடையும் இருக்கிறது. காற்றில் அடிக்கும் ஒளி எதன்மேலாவது பட்டுத் திரும்பினால்தான் நம் கண்ணுக்கு வரும். புகையோ, நீர்த்திவலையோ, துணியோ, கண்ணாடியோ ஏதாவது ஒன்று அங்கே இருந்தாக வேண்டும். மேடையில் ஹாலோகிராம் என்று காட்டுவதெல்லாம் பெரும்பாலும் 1862-இல் லண்டன் ராயல் பாலிடெக்னிக்கில் ஜான் ஹென்றி பெப்பர் காட்டிய பேய் வித்தையின் வாரிசுகள். சாய்த்து நிறுத்திய கண்ணாடியில் மறைவிலிருக்கும் உருவத்தின் பிம்பம் விழும். கண்ணாடி பார்வையாளருக்குத் தெரியாததால், பேய் மேடையில் நிற்பதுபோல் இருக்கும். 2022 ஜனவரி 23 அன்று டெல்லி இந்தியா கேட்டில் திறந்த நேதாஜியின் 'ஹாலோகிராம் சிலை'யும் காற்றில் நிற்கவில்லை. 90 சதவீதம் ஊடுருவித் தெரியும் ஒரு திரையின்மேல், 30,000 லூமன் புரொஜெக்டர் ஒன்று 28 அடி உயரத்துக்குப் படம் அடித்தது. போன் திரையின் 16 லூமனை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்த வித்தையைப் போனில் மலிவாகச் செய்யலாம், அது மோசடியும் இல்லை. ஸ்டேஷனரி கடையில் ஓஎச்பி ஷீட் (கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் தாள்) ஒன்று வாங்கி, மேலே 1 செ.மீ., கீழே 6 செ.மீ., உயரம் 3.5 செ.மீ. என்ற அளவில் நான்கு சரிவகங்கள் வெட்டி ஒட்டினால் ஒரு பிரமிடு வரும். குறுகிய முனை திரையில் படும்படி கவிழ்த்து வைத்து, நான்கு பக்கமும் ஒரே உருவம் ஓடும் வீடியோவைப் போட்டால், நடுவே பட்டாம்பூச்சி மிதக்கும். இந்த அளவில் வெட்டும்போது ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 45 டிகிரி சாய்ந்து நிற்கும். திரையில் படுத்திருக்கும் படம் எழுந்து நிற்பதுபோல் தெரிவது அந்தச் சாய்வால்தான். இதற்கும் ஆப் வேண்டாம், யூடியூபில் வீடியோக்கள் குவிந்து கிடக்கின்றன. ஆனால் படம் கட்டைவிரல் அளவு. ஒரு நேரத்தில் பக்கத்துக்கு ஒருவராக நான்கு பேர் குனிந்து பார்க்கலாம். பாடம் நடத்த ஆகாது, ஒளி எதிரொளிப்பதை விளக்க ஆகும்.

போன் கம்பெனிகளும் சும்மா இருக்கவில்லை. 2018-இல் ரெட் நிறுவனம் ஹைட்ரஜன் ஒன் என்ற போனை 1,295 டாலருக்கு விற்றது. ஹாலோகிராம் திரை என்று பேர், உண்மையில் கண்ணாடி அணியாமலே ஆழம் தெரியும் ஒருவகை 3டி திரை. அடுத்த வருடமே அந்த முயற்சியை மூடிவிட்டார்கள்.

புரொஜெக்டரை உள்ளேயே வைத்த போன்களின் கதை இன்னும் சுவாரசியம். சாம்சங் 2012-இல் கேலக்சி பீம் என்று ஒன்றைக் காட்டியது. போனின் தலைப்பகுதியில் குட்டிப் புரொஜெக்டர், 15 லூமன். 2016-இல் மோட்டோ இசட் போன்களின் முதுகில் ஒட்டிக்கொள்ளும் புரொஜெக்டர் வந்தது: 50 லூமன், 480பி படம், தனி பேட்டரி இருந்தும் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும். பிறகு 8849 டேங்க் 2 என்ற போனில் 100 லூமன் புரொஜெக்டர் வைத்தார்கள்; அதற்குத் தீனி போட 15,500 எம்ஏஎச் பேட்டரி. அரைக் கிலோ கனம், சட்டைப்பையில் போட்டால் சட்டை ஒரு பக்கம் இழுக்கும். இவையெல்லாம் நிஜமாகவே சுவரில் படம் அடிக்கும். அடிப்பதற்குக் காரணம் உள்ளே தனி விளக்கும், படத்தை உண்டாக்கும் சின்னத் தகடும், லென்ஸும் இருப்பதுதான், ஆப் இல்லை. ஆனால் வெளிச்சம் கூட வேண்டுமென்றால் சூடும் கூடும், பேட்டரியும் கனக்கும். அந்த இடத்தில்தான் இந்த யோசனை ஒவ்வொரு முறையும் முட்டி நிற்கிறது. அடிக்கடி ஊர் ஊராகக் கூடாரம் போட்டுத் தங்குபவர் என்றால் டேங்க் மாதிரி போன் வாங்குங்கள். அக்காவுக்கு வேண்டாம் என்று அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன்.

மிச்சம் இருப்பவை இரண்டு: மினி புரொஜெக்டர், டிவி. உண்மையான போட்டி இவற்றுக்குள்தான்.

ஆன்லைனில் 5,000 முதல் 8,000 ரூபாய்க்குள் உருளை வடிவப் புரொஜெக்டர்கள் நிறையக் கிடைக்கின்றன. போனோடு வை-ஃபையில் இணையும், யூடியூபும் உள்ளேயே இருக்கும். நானும் ஒன்று வாங்கி ஏமாந்திருக்கிறேன், அதனால் இதில் கொஞ்சம் நின்று பேசுகிறேன். பெட்டியின்மேல் 9,000 லூமன் என்று அச்சடித்திருந்தார்கள். அது உண்மையானால் கல்யாண மண்டபத்துக்கே போதும். வீட்டில் போட்டால், ஜன்னலைச் சாத்தி விளக்கை அணைத்த பிறகுதான் முகங்களே தெரிந்தன. பார்க்க வேண்டியது 'ஆன்சி லூமன்' என்ற எண்ணை. திரையில் ஒன்பது இடங்களில் அளந்து சராசரி எடுக்கும் முறை அது. இந்த விலையில் நேர்மையாகப் போட்டால் 100 முதல் 200 வரை இருக்கும். ஆன்சி என்ற சொல்லே இல்லாமல் ஆயிரக்கணக்கில் எண் போட்டிருந்தால் அந்த எண்ணை மறந்துவிடலாம். இரண்டாவது ஏமாற்று, '1080பி சப்போர்ட்'. 1080பி வீடியோவை வாங்கிக்கொள்ளும் என்பதுதான் அதற்கு அர்த்தம், காட்டுவது 480பி-யாகவோ 720பி-யாகவோ இருக்கலாம். 'நேட்டிவ்' ரெசல்யூஷன் என்ன என்று தேடிப் படியுங்கள்.

200 ஆன்சி லூமனை 80 அங்குலப் படமாக விரித்தால் திரையில் 110 லக்ஸுக்குக் கொஞ்சம் மேல் விழும். தியேட்டர் திரையில் விழும் வெளிச்சத்தின் முக்கால் பங்கு இது. ஆக, இருட்டறையில் இந்தப் புரொஜெக்டர் தாராளம். ராத்திரி குடும்பத்தோடு படம் பார்க்க நான் இதைத்தான் சொல்வேன். டியூப் லைட்டின் கீழே போட்டால் விஷயம் வேறு. கறுப்பு வெளிச்சம் என்று ஒன்று கிடையாது. படத்தில் கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில் புரொஜெக்டர் ஒளி அடிக்காமல் விடும், அங்கே தெரிவது டியூப் லைட் பட்ட சுவர். கறுப்பு சாம்பலாகிவிடும், இதயத்தின் சிவப்பு வெளிறிய ரோஸாகிவிடும். பிள்ளைகள் நோட்டில் எழுத வேண்டும், அதனால் விளக்கை அணைக்கவும் முடியாது. அக்காவின் வகுப்பு தொடங்கும் ஐந்தரை மணிக்கு மாடியில் சூரியனும் முழுதாகப் போயிருக்காது.

டிவிக்கு இந்தத் தொல்லை இல்லை, அதன் ஒளி நேராகக் கண்ணுக்கு வருகிறது. சாதாரண எல்இடி டிவி 250 நிட் அளவில் பிரகாசிக்கும். அந்தப் புரொஜெக்டர் 80 அங்குலத்தில் சுவரிலிருந்து திருப்பித் தருவது 30 நிட்கூட இல்லை. அக்கா வீட்டுக் கீழறையில் 32 அங்குல டிவி ஒன்று பகலெல்லாம் சும்மா கிடக்கிறது. படம் சிறிதுதான், ஆனால் பதினைந்து பேர் எட்டடிக்குள் அரைவட்டமாக உட்கார்ந்தால் படத்தில் எழுதியிருக்கும் 'வெண்ட்ரிக்கிள்' வரை படிக்கலாம்.

இதில் போனை டிவியோடு சேர்ப்பதுதான் வேலை. டைப்-சி டு எச்டிஎம்ஐ கேபிள் வாங்கிக் குத்தினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எல்லா டைப்-சி போனும் அந்த வழியில் படத்தை அனுப்பாது. சாம்சங் எஸ் வரிசை, ஐபோன் 15 முதல் வந்த பெரும்பாலான மாடல்கள் அனுப்பும். விலை குறைந்த போன்கள் பெரும்பாலும் சார்ஜும் ஃபைலும் மட்டும்தான். உங்கள் மாடலின் விவரத்தில் 'டிஸ்ப்ளேபோர்ட்' என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு கேபிளுக்குக் காசு கொடுங்கள். அக்காவின் போனில் இல்லை. ஸ்மார்ட் டிவியாக இருந்தால் கேபிளே வேண்டாம், போனிலேயே இருக்கும் 'காஸ்ட்' அல்லது 'ஸ்மார்ட் வியூ' பட்டன் போதும். இவளுடையது பழைய டிவி, அதனால் போனின் படத்தை வை-ஃபையில் வாங்கி டிவிக்குத் தரும், எச்டிஎம்ஐ-யில் செருகும் காஸ்டிங் ஸ்டிக் ஒன்று தேவைப்படும். பாடப்புத்தகத்தின் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வரும் வீடியோவை அதன் வழியே டிவிக்கு அனுப்பலாம். ஒன்று மட்டும்: சில ஓடிடி ஆப்கள் இப்படி அனுப்பும்போது வேண்டுமென்றே கறுப்புத் திரையைக் காட்டும். ஸ்டிக் பழுது என்று கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட வேண்டாம்.

இவ்வளவையும் நான் மூச்சுவிடாமல் விளக்கி முடித்தபோது அக்கா கேட்டாள், "டிவிக்குப் பின்னாடி பென் டிரைவ் குத்துற ஓட்டை இருக்கேடா, அதுல வீடியோவை ஏத்திக் குடுத்தா ஓடாதா?"

ஓடும். ஓடியது. ஸ்டிக்கூட வாங்கவில்லை, தேவைப்பட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். டிவியை மேலே தூக்கிப் போக இரண்டு பத்தாம் வகுப்புப் பையன்கள், கூரைக் கம்பத்தோடு சேர்த்துக் கட்ட ஒரு கயிறு. மொத்தச் செலவு ஓஎச்பி ஷீட்டுக்கு மட்டும்தான். பிரமிடு செய்தே தீருவேன் என்று மகன் நின்றுவிட்டானாம்.

நேற்று மறுபடி வாய்ஸ் மெசேஜ். அந்தத் தண்ணீர் பல்பு சினிமாவைப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறாள், ஞாயிற்றுக்கிழமை செய்துகாட்டச் சொல்லி உயிரை எடுக்கிறார்களாம். "ஃபியூஸ் போன குண்டு பல்பு எங்கடா கிடைக்கும்? தெரு முழுக்கக் கேட்டுட்டேன், எல்லார் வீட்லயும் எல்இடிதான் இருக்கு."